இல்லத்திற்கு முன் அயலார்

வீட்டைத் தேடுமுன் அண்டைவீட்டாரைத் தேடு. பயணத்தில் இறங்குமுன் வழித்துணையைத் தேடு என்பது அரபு மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. அயல்நாட்டில் குடியேறப் போகிறவர்கள் இன்று நம்மிடையே பெருகியுள்ளனர். எந்த நாடு, எந்த நகரம், எந்தத் தெரு என்று அவர்கள் கேட்கும்போது நாம் சொல்லும் விடைகள் பெரும்பாலும் வாடகை, பள்ளிக்கூடம், பணியிடத்தின் தொலைவு, தட்பவெப்பம் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. இவை வேண்டாதவை அல்ல. ஆயினும் முதுமொழி முதலிடத்தில் வைத்ததை நமது விடை கடைசி இடத்திற்குத் தள்ளிவிட்டது. சில சமயம் அதை விடுத்தே விட்டது.

அயல் மண்ணில் வாழ்ந்தவர்கள் எழுதிவைத்த பழைய பிரதிகளை இந்த ஓர் அளவுகோலைக் கொண்டு படித்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் எடுத்துக்கொள்வன இரண்டு. ஒன்று, தருமபுரியில் ஏழாண்டுகள் வாழ்ந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் கடிதங்கள். மற்றொன்று, நாம் உரிமையோடு நம்மவர் என்று கொண்டாடும் இப்னு பதூதாவின் பயண நூல். முன்னதிடம் ஓர் அளவுகோலும் பின்னதிடம் வேறோர் அளவுகோலும் காட்டுவது திறனாய்வுக்கு அழகன்று, நீதியும் அன்று.

தருமபுரி என்றவுடன் அதியமானின் தகடூரும் ஒகேனக்கலும் நினைவுக்கு வரும். அதற்கு அடுத்தபடியாக, வானம் பார்த்த பூமியை விட்டுப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைப்புத் தேடிப் போகிற மக்கள் நினைவுக்கு வருவர். அம்மண்ணைப் பிறர் வந்து குடியிருக்க விரும்பும் இடமாக நாம் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் அப்படி விரும்பிய ஒருவர் இருந்தார். அவர் தாமஸ் மன்றோ. பிற்காலத்தில் சென்னை மாகாண ஆளுநராக, 1820 முதல் 1827 வரை, பதவி வகித்தவர்.

மன்றோ 1761இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். தந்தையார் புகையிலை வணிகர். அமெரிக்க விடுதலைப் போர் அவ்வணிகத்தை வீழ்த்தியது, குடும்பம் நொடித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் கடைநிலைப் பயிற்சி வீரராகச் சேர்ந்து 1780 ஜனவரியில் சென்னையில் வந்திறங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. பிறந்த ஊரில் பிழைப்பு முறிந்து, மூத்தோரின் கடன் தோளில் ஏறி, கப்பலேறிய இளைஞன் என்ற இந்தத் தோற்றம் நமக்கு அந்நியமானதன்று. வளைகுடாவுக்குப் போன நம் பிள்ளைகளின் கதையும் இதுவே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அதைப் பின்னர் காண்போம்.

அவரது கடிதங்களைத் திரட்டி வாழ்க்கை வரலாற்றோடு இணைத்து ஜி. ஆர். கிளெய்க் 1830இல் வெளியிட்டார். கிளெய்க் முன்னாள் படைவீரர், பின்னர் பாதிரியார். அவர் ஒரு வீரரின் திருவுருவத்தைச் செதுக்க முனைந்தார் என்பதை மறவாமல்தான் நாம் அத்தொகுப்பைப் படிக்கவேண்டும். எனினும் தொகுத்தவரின் நோக்கத்தையும் மீறி அக்கடிதங்கள் பேசுகின்றன. குறிப்பாகச் சகோதரிக்கு எழுதியவற்றில் ஓர் அரிய நேர்மை உண்டு. இந்தியாவுக்குப் போனவன் எல்லாம் செல்வத்தில் புரளுகிறான் என்ற அக்காலத்து மயக்கத்தை அவர் அவற்றில் கலைக்கிறார். வந்த முதல் மூன்றாண்டுகள் ஒழுங்கான தலையணைகூட இல்லாமல் கழிந்தன என்பதையும், வறுமையின் சுவையைத் தாம் அறிந்ததே இங்கு வந்தபின்தான் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது அத்தர் மணத்தையும் பெட்டிகளையும் காட்டி, எட்டுப் பேர் உறங்கும் அறையை மறைத்துவிடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதற்கு எதிராக வைத்துப் படிக்கவேண்டிய பக்கங்கள் இவை.

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச் மாதம் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். அவ்வாறு கம்பெனியின் கைக்கு மாறிய பகுதிகளுள் பாராமகால் ஒன்று. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்கள் அதனுள் அடங்கியவை. அதை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீடு அமர்த்தப்பட்டார். அவருக்குக் கீழ் உதவியாளராக வந்த மன்றோ தருமபுரியைத் தம் இருப்பிடமாகக் கொண்டு 1799 வரை பணியாற்றினார். பின்னாளில் ரயத்துவாரி என்று பெயர்பெற்ற நிலவரி முறை கருக்கொண்டது இங்கேதான்.

ஆண்டின் பெரும்பகுதி அவர் கூடாரத்தில் வாழ்ந்தார். ஊர் ஊராகச் சென்று நிலத்தைக் கணக்கெடுப்பதும் தீர்வை நிர்ணயிப்பதும் வழக்குக் கேட்பதும் அவரது வேலை. ஆனால் தருமபுரியில் அவர் ஒரு தோட்டம் போட்டார். அதிகாரியாக அனுப்பப்பட்ட ஊரில் தோட்டம் போடுவது என்பது அவ்வூரைத் தாமே தேர்ந்துகொண்டதற்கு ஒப்பானது. திப்பு சுல்தான் 1799 மே 4ஆம் நாள் வீழ்ந்தபின் மன்றோ கன்னடக் கடற்கரைக்கு மாற்றப்பட்டார். அப்போது எழுதிய கடிதத்தில், தாயகத்தை விட்டுக் கிளம்பிய நாளில் உணர்ந்ததினும் ஆழமான வருத்தத்தோடு பாராமகாலைப் பிரிவதாகச் சொல்கிறார். அன்று இளமைக்குப் புதுநாடு பற்றிய கனவு துணையாக இருந்தது. இன்று போகுமிடத்தில் இழந்ததை ஈடுசெய்ய எதுவுமில்லை என்பது அவர் காட்டும் காரணம். குடிபெயர்ந்தோர் எழுத்தில் இத்துணைத் தெளிவான வாக்குமூலம் அரிது. பிறந்த மண் ஒன்று, பற்றிக்கொண்ட மண் வேறொன்று ஆகலாம் என்பதை எந்தத் தத்துவப் பூச்சுமின்றி அவர் ஒப்புக்கொள்கிறார்.

இனி நமது அளவுகோலை வைப்போம். இக்கடிதங்களில் தோட்டம் இருக்கிறது; மரங்களும் மலைகளும் இருக்கின்றன; பிரிவுத் துயர் இருக்கிறது. அண்டைவீட்டார் எங்கே? அத்தோட்டத்திற்குக் கிணற்றிலிருந்து நீர் இறைத்தவர் யார், அடுத்த தெருவில் யார் இறந்தார், யார் வீட்டுத் திருமணத்திற்கு இவர் அழைக்கப்பட்டார் என்ற செய்திகளுக்கு அவற்றில் இடமில்லை. மக்கள் திரளாக வருகிறார்கள். ஆனால் அவர்கள் கூடார வாயிலில் மனுவோடு நிற்பவர்களாக, தீர்வையைக் குறைக்கச் சொல்பவர்களாக, சாட்சி சொல்பவர்களாக வருகிறார்கள். மனுதாரர் அயலார் ஆவதில்லை. வரி விதிப்பவரின் வீட்டுக் கதவை எவரும் உப்புக் கேட்டுத் தட்டுவதில்லை.

வேறுபாடு ஒன்று உண்டு என்றோமே, அது இதுதான். மன்றோ ஏழைக் குடியேறியாக வந்தார். ஆனால் தருமபுரிக்கு வந்தபோது ஆள்பவராக வந்தார். அவர் தோட்டம் போட்ட மண் ஒரு போரில் பறிக்கப்பட்ட மண். மைசூரை முற்றாக ஒழிக்கவேண்டும் என்று வாதிட்டவர்களுள் அவர் ஒருவர். அதேசமயம் அம்மைசூரின் நிர்வாக ஒழுங்கை வியந்து எழுதியவரும் அவரே. மைசூர் ஆட்சியின் எச்சமாகத் தக்கினி உருது பேசும் குடும்பங்கள் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இன்றும் வாழ்கின்றன. ஆட்சி கைமாறிய அந்த ஆண்டுகளில் இத்தகைய குடும்பங்களின் முற்றங்களில் என்ன பேசப்பட்டிருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள மன்றோவின் கடிதங்கள் நமக்கு உதவா. பாரசீகம் கற்று, சைலக்கின் கதையை ஒத்த ஒரு கதையை அம்மொழியிலிருந்து பெயர்த்தவர் அவர். ஆகவே மொழியறியாமை காரணமன்று. நிற்கும் இடமே காரணம்.

இதனால் அக்கடிதங்கள் பொய் என்றாகிவிடாது. ஊர் ஊராகக் கூடாரமிட்டுக் கேட்ட குரல்கள் அவரிடம் வேலை செய்தன என்பதற்கு 1824 டிசம்பர் 31ஆம் நாளிட்ட அவரது புகழ்பெற்ற குறிப்புரை சான்று. ஒரு மக்களை அவர்தம் நாட்டின் உயர்பதவிகளிலிருந்து விலக்கிவைப்பது அம்மக்களின் பண்பையே தாழ்த்திவிடும் என்ற கருத்தை ஆளுநர் நாற்காலியில் இருந்துகொண்டே அவர் அதில் எழுதினார். கோட்டைக்குள் மட்டும் குடியிருந்தவருக்கு இது வாய்த்திராது. நாம் சொல்ல வருவது இவ்வளவே: அவர் ஒரு நிலத்தை நேசித்தார், அந்நிலத்து மக்கள்மீது இரக்கம் கொண்டார், ஆயினும் அவர்களோடு குடியிருக்கவில்லை.

இப்போது இப்னு பதூதாவிடம் வருவோம். 1304இல் தன்ஜாவில் பிறந்து 1325இல் ஹஜ்ஜுக்கெனப் புறப்பட்ட அவர், ஏறத்தாழ முப்பதாண்டு அலைச்சலை இப்னு ஜுஸைய் என்பாரிடம் சொல்ல, அது 1355இல் நூலாக முடிந்தது. அந்நூலைப் பயணக் கதையாகவே நாம் படித்துவருகிறோம். ஆனால் அதன் பல பக்கங்கள் குடியிருப்பின் கதைகள். தில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் கீழ் காழியாகச் சில ஆண்டுகள். மாலத்தீவில் 1343, 1344ஆம் ஆண்டுகளில் மீண்டும் காழியாகச் சில மாதங்கள். இன்றைய மொழியில் சொன்னால், அயல்நாட்டில் உயர்பதவிக்கு அழைக்கப்பட்ட நிபுணர் அவர்.

மாலத்தீவுப் பக்கங்கள் மன்றோவின் பக்கங்களினும் மக்கள் நெருக்கம் மிகுந்தவை. தீவு மக்களின் இறையச்சம், தூய்மை, மென்மை ஆகியவற்றை அவர் மனமாரப் புகழ்கிறார். என்ன உண்டார்கள், தென்னையிலிருந்தும் மீனிலிருந்தும் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் வருகின்றன. அங்கே அவர் மணமுடித்தார். அரச குடும்பங்களோடு உறவு பூண்டார். ஆனால் காழி என்ற நிலையில் அத்தீவின் பெண்களுடைய உடை வழக்கத்தை மாற்ற முயன்று, தம் மன்றத்திற்கு வருவோரைத் தவிரப் பிறரிடம் அது நடவாமற்போனதை அவரே சொல்கிறார். அங்கும் அயலார் மெல்லத் திருத்தப்படவேண்டியவர்களாக மாறிவிடுகிறார்கள். கடைசியில் அமைச்சரோடு பிணக்கு, பதவி துறப்பு, புறப்பாடு. அத்தீவுப் பெண்கள் தம் நாட்டை விட்டு வெளியேறுவதில்லை என்பதால் மனைவியரை அங்கேயே மணவிலக்குச் செய்துவிட்டுக் கப்பலேறினார். பின்னர் ஒருமுறை திரும்பி வந்து தம் சிறு மகனைக் கண்டு, அவன் தாயோடும் அவ்வூராரோடும் இருப்பதே நலம் என்று விட்டுச் செல்கிறார். நூலில் இதற்குச் சில வரிகளே. அச்சில வரிகளைக் கடந்து போவது வாசகருக்கு எளிதன்று. எளிதாக இருக்கவும் கூடாது. அந்நூல் எதை எதையோ விரித்துரைக்கிறது. மகனை விட்டுச் சென்றதைச் சுருக்கிக்கொள்கிறது.

நியாயத்தின் பொருட்டு மற்றொன்றையும் சொல்லவேண்டும். மாலத்தீவிலிருந்து இலங்கை வழியாக மஅபர் என்னும் தமிழகக் கடற்கரையை அடைந்த அவர், மதுரை சுல்தான் கியாஸுத்தீனின் விருந்தினரானார். சுல்தான் அவருக்கு மனைவி வழியில் உறவினரும் ஆவார். அந்தச் சுல்தான் போரில் பிடிபட்டவர்களையும் அவர்தம் பெண்டிர் பிள்ளைகளையும் கொன்ற கொடுமையை இப்னு பதூதா மறைக்கவில்லை. மூடி மெழுகவும் இல்லை. அதை இழிசெயல் என்றே கண்டித்துப் பதிவுசெய்தார். உறவுக்காரரும் சக மார்க்கத்தவருமான மன்னரின் உப்பைத் தின்றுகொண்டே, வேற்று மார்க்கத்து அயலாரின் துயரை எழுதிய பேனா அது. முதுமொழி கேட்கும் தகுதி அவரிடம் ஒளிர்ந்த இடம் இதுவென்போம்.

இருவரும் அரசாணையின் நிழலில் குடியிருந்தவர்கள். நிழல் இல்லாமல் போனவர்கள் நூல் எழுதவில்லை. கட்டடங்களை விட்டுச் சென்றார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து சூலியாக்கள் என்ற பெயரோடு கடல் கடந்த நம் முன்னோர் அவ்வகையினர். பினாங்கை 1786இல் பிரான்சிஸ் லைட் கைக்கொண்ட பின் அங்கே அவர்கள் குடியேறிய தெரு இன்றும் சூலியா தெருவே. அருகிலுள்ள கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் தோன்றியது. மன்றோ தருமபுரியை விட்டகன்ற ஈராண்டிற்குள் என்பதை நினைவிற்கொள்க. சிங்கப்பூரில் 1826இல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் எழுந்தது. அதே தெருவில் அதற்கு அண்மையில் 1827இல் மாரியம்மன் கோவில். தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா. அதன் பக்கத்தில் சில ஆண்டுகளில் சீனர்களின் தியான் ஹொக் கெங் ஆலயம். கடலிலிருந்து உயிரோடு கரையேறிய ஒவ்வொரு கூட்டமும் தன் நன்றியை ஒரே தெருவில் கட்டிவைத்தது. இத்தெருக்கள் நமக்குப் பிரதிகளே. அண்டைவீட்டாரை முதற்சொல்லாகக் கொண்டு எழுதப்பட்ட பிரதிகள் எனலாம்.

தமிழ்ப் புனைவெழுத்தில் இதற்கு நிகரான கவனம் குறைவு. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வந்தது. மெதான், பினாங்கு நகரங்களின் தெருக்களைப் பெயர் சொல்லி உலவவிட்ட அந்நாவல் ஓர் அரிய விலக்கு. மற்றபடி, கடல் கடந்த வாழ்வு பற்றிய நம் கதைகளில் வழியனுப்புதல் உண்டு, காத்திருக்கும் மனைவி உண்டு, திரும்பிவரும் முதியவர் உண்டு. இடைப்பட்ட இருபது ஆண்டுகள் எந்தத் தெருவில், யாருக்குப் பக்கத்தில் கழிந்தன என்பது பெரும்பாலும் வெற்றிடம். வெளிநாட்டு வாழ்வு எழுதப்படாத வாழ்வாகவே போய்விடுகிறது.

அவ்வெற்றிடத்திற்கு ஒரு காரணம் தேர்வு என்பதே பலருக்கு இல்லாமைதான். துபாயின் சோனாப்பூர் லேபர் கேம்பில் உறங்குபவர் அண்டைவீட்டாரைத் தேர்ந்தவரல்லர். கம்பெனி அவருக்கு ஒரு கட்டிலைத் தேர்ந்தது. பெட் ஸ்பேஸ் என்பதே அவருக்கு வாய்த்த முகவரி. அதே நகரம் 2002இல் அயல்நாட்டார் சில பகுதிகளில் வீடு வாங்க வழிதிறந்து, 2006இல் அதைச் சட்டமாக்கியது. வசதி படைத்தோர் கோபுர வீடுகளை வாங்க, நடுத்தரக் குடும்பங்கள் வாடகைக்கு அஞ்சி ஷார்ஜாவில் குடியிருந்து நாள்தோறும் துபாய்க்குப் போய்வருகின்றன. சிங்கப்பூரோ 1989 முதல் அரசுக் குடியிருப்புகளில் ஒவ்வோர் இனத்தவருக்கும் உச்சவரம்பு வைத்து, அயலாரை அரசே கலந்து வைக்கிறது. அம்முறையில் நெருடல்கள் உண்டு. எனினும் வீட்டு விஷயத்தில் அயலார் ஒரு பொருட்டு என்று கருதிய அரசு அது.

நம் நாட்டிலோ கேள்வி தலைகீழாக நிற்கிறது. முஸ்லிம்களுக்கு வீடு வாங்குவதிலும் வாடகைக்குப் பெறுவதிலும் உள்ள இடர்களையும், அதனால் அவர்கள் சில பகுதிகளுக்குள் ஒடுங்கி வாழ நேர்வதையும் 2006இல் சச்சார் குழுவின் அறிக்கை பதிவுசெய்தது. அண்டைவீட்டாரைத் தேடு என்ற முதுமொழியை நம்மைத் தவிர்ப்பதற்காகவே பிறர் கையாளும்போது அது கைக்கும். அந்தக் கைப்பை அறிந்த நாம், சென்ற இடத்தில் நம்மவர் மட்டும் இருக்கும் தெருவைத் தேடுவதையே அறிவுடைமை என்று கொள்வோமா? பாதுகாப்பு வேண்டித் தேடுவதைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆனால் முதுமொழியின் உட்பொருள் அதுவன்று.

நம் மரபின் முதல் இரு குடிப்பெயர்வுகளை நோக்குவோம். 615ஆம் ஆண்டளவில் அபிசீனியாவுக்குத் தோழர்களை அனுப்பிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்நாட்டைச் சுட்டிய காரணம், அங்கே ஒருவருக்கும் அநீதி இழைக்காத மன்னர் இருக்கிறார் என்பதே. மன்னர் நஜாஷி கிறிஸ்தவர். ஏழாண்டுகள் கழித்து, 622இல், மதீனா வந்தபோது ஒவ்வொரு குலத்தாரும் தத்தம் பகுதியில் தங்குமாறு வேண்டினர். பெருமானார் ஒட்டகத்தை அதன்போக்கில் விட்டார்கள். அது மண்டியிட்ட இடம் இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது. இனாமாகக் கொள்ள மறுத்து, விலை கொடுத்தே அதைப் பெற்றார்கள். அருகிலிருந்த அபூ அய்யூப் அன்ஸாரீ (ரலி) அவர்களின் வீட்டில் சில மாதங்கள் விருந்தினராகத் தங்கினார்கள். நீதியுள்ள ஆட்சி, எவர் மனமும் புண்படாத தேர்வு, எளியவரின் மண்ணுக்கு உரிய விலை, வரவேற்க ஒரு வீடு. குடியிருப்பைத் தேர்வதற்கு இதனினும் நிறைவான இலக்கணம் நமக்குத் தெரியவில்லை.

இவ்விலக்கணத்தை வைத்துப் பார்த்தால், மன்றோவின் கடிதங்களில் மண்ணின்மீதான காதல் முழுமையாகவும், மண்ணுக்குரியோரின் சம்மதம் வெறுமையாகவும் இருப்பதைக் காண்கிறோம். இப்னு பதூதாவின் நூலில் அயலார் நிறைந்திருந்தும், விட்டுச் செல்பவரின் அவசரம் அவர்களை மங்கச் செய்கிறது. இரண்டையும் நாம் மதிப்போடு படிக்கலாம். ஒன்றையும் வழிகாட்டியாகக் கொள்ள இயலாது.

வேண்டப்படுவது வேறொரு வகை எழுத்து. ரியாத்திலும் கோலாலம்பூரிலும் இலண்டனிலும் குடியிருக்கும் நம்மவர்கள், தாம் வாழ்ந்த தெருவை, அடுத்த கதவுக்குப் பின்னால் இருந்த மலையாளியை, வங்காளியை, சீனரை, ஆங்கிலேயரை, அவர்களோடு பங்கிட்ட நோன்புக் கஞ்சியை, கொண்ட சச்சரவை எழுதவேண்டும். அடுத்து வருபவர் எங்கே குடியேறுவது என்று தீர்மானிக்க வாடகைப் பட்டியலினும் அவ்வெழுத்து உதவும்.

மறுபக்கமும் ஒன்றுண்டு. பிழைப்புக்காக மக்களை வெளியே அனுப்பிவந்த தமிழகத்தின் சிற்றூர்களுக்கு இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் தொழிலாளர்கள் வந்து குடியேறுகிறார்கள். அவர்களும் தம் சகோதரிகளோடு பேசுகிறார்கள். இவ்வூரைப் பற்றிச் சொல்கிறார்கள். மன்றோவின் கடிதங்களில் தருமபுரியின் மக்கள் மனுதாரர்களாக நின்றார்கள். இவர்களது பேச்சில் நாம் அண்டைவீட்டாராக இடம்பெறுகிறோமா, அல்லது வாடகை வசூலிப்பவராக மட்டும் வந்துபோகிறோமா என்பது நம் கையில் இருக்கிறது.